மூன்று முறை திரும்பி வந்த தும்மல் டாக்டரம்மா

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று ஒரு நல்ல வார்த்தையைக்கூட மிச்சம் வைக்காமல் சொல்லித் தீர்த்துவிட்ட மேடைப் பெரியோர்களே! முன்வரிசையில் கைக்குட்டையோடு அமர்ந்திருக்கும் எங்கள் டாக்டரம்மாவின் கணவர், நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று அழைக்கும் பெரியவர் அவர்களே! செவிலியர்களே, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பேசத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். கடைசி ஜன்னல் பக்கம் நிற்கும் நீலச் சட்டை நண்பர், கொக்கியின் மேல் வைத்த கையை எடுத்துவிடவும். புழுங்குகிறது, தெரியும். எனக்கும்தான் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இன்று மதியம் மகரந்த எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். காலையிலிருந்து வறண்ட காற்று, மேற்கே மேகம் திரள்கிறது, மரங்கள் பூத்து நிற்கின்றன. டாக்டரம்மாவின் இரங்கல் கூட்டத்திலேயே மகரந்தக் காற்றை உள்ளே விட்டார்கள் என்று நாளை யாராவது சொன்னால், அதைவிட மானக்கேடு நமக்கு வேறு உண்டா? எனவே பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் சீக்கிரம் முடிக்கிறேன்.

நண்பர்களே! நான் அவருக்கு ஆற்றும் நான்காவது வழியனுப்பு உரை இது. சிரிக்க வேண்டியவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம், அவரும் சிரித்திருப்பார். இதே மண்டபம், இதே மேடை, கரகரக்கும் இதே மைக். முதல் முறை அவர் ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்து, "போய் வாருங்கள் அம்மா" என்று உருகி உருகிப் பேசினேன். அடுத்த பூக்கும் காலத்தில் வறண்ட காற்று கிளம்பிய அன்று காலை மருத்துவமனை மொட்டைமாடியிலுள்ள தன் பழைய அறையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். என்ன அம்மா என்றால், "நீங்க குடுத்த கடிகாரம் ஓடல, மணி பாக்க வந்தேன்" என்றார். இரண்டாம் முறை பயணப் பெட்டி கொடுத்தோம். அந்தப் பெட்டிக்குள்ளேயே நுண்ணோக்கிக் கண்ணாடிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மூன்றாம் முறை நாங்கள் பரிசே வாங்கவில்லை. வீண் செலவு என்று விட்டுவிட்டோம்.

ஏன் திரும்பித் திரும்பி வந்தார்? பதவி ஆசையா? அந்த அறையைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். லிஃப்ட் மோட்டார் ஒரு பக்கம் உறுமும், தண்ணீர்த் தொட்டி மறுபக்கம் சொட்டும், நடுவில் ஒரு மேசை, இரண்டு முக்காலி. அதற்கா ஆசைப்படுவார் ஒருவர்? இல்லை, நண்பர்களே. பயம்! தான் இல்லாத ஒரு நாளில் எச்சரிக்கை கொடுத்தே ஆக வேண்டிய வேளை வந்து, பொறுப்பில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் தீராமல் அவரால் வீட்டில் உட்கார முடியவில்லை. அது எப்படித் தீர்ந்தது என்பதைச் சொல்லத்தான் நான் இந்த மைக்கின் முன்னால் நிற்கிறேன். அதைச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய உத்தரவும்கூட.

நான் மருத்துவன் இல்லை, வானிலை அலுவலகத்துக்காரன். நாளைக்கு மழை என்று சொல்லி வராவிட்டால் திட்டு வாங்குகிற, வந்தாலும் யாரும் நன்றி சொல்லாத வேலை. காலையில் நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் தொலைபேசி டாக்டரம்மாவிடமிருந்து வரும். வணக்கம் கிடையாது, சாப்பிட்டீர்களா கிடையாது. "மேகம், காத்து எந்தப் பக்கம்?" அவ்வளவுதான். மேகம் என்பது அவர் எனக்கு வைத்த பெயர். எனக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, இந்த மருத்துவமனையில் அது ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் அதே கதிதான். அவருடைய முழுப்பெயரையும் பட்டங்களையும் போட்டுப் பத்திரிகையில் அஞ்சலி வந்தது. அதைப் படித்துவிட்டு ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், "பாவம் சார், யாரோ பெரிய டாக்டர் போயிட்டாங்களாம்" என்று என்னிடமே சொல்கிறார். "யோவ், நம்ம தும்மல் டாக்டரம்மாய்யா அது!" என்றேன். மனிதர் அப்படியே வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

இந்த அளவுக்கு ஊருக்கே தும்மலைப் பற்றிச் சொல்லித் தந்தவருக்கு முதல் நோயாளி யார் தெரியுமா? இதோ, அண்ணன்தான். கல்யாணமான புதிதில் ரயில் பாதையோரம் ஒரு வீட்டில் குடியேறியிருக்கிறார்கள். பாதை நெடுகச் சவுக்கு மரங்கள். அண்ணன் காலையில் எழுந்தால் தும்மல், குளித்தால் தும்மல், மனைவி பக்கத்தில் வந்தால் தும்மல்! "எனக்கு இவளத்தான் ஒத்துக்கலையோன்னு நெனச்சு ரகசியமா பயந்துக்கிட்டிருந்தேம்பா" என்று அண்ணனே என்னிடம் சொல்லியிருக்கிறார். டாக்டரம்மாவோ வேறு மாதிரி யோசித்திருக்கிறார். மழை நாளில் இவர் தும்மவில்லை, வெயிலடித்துக் காற்று வீசும் நாளில் தும்முகிறார். காற்று ரயில் பாதைப் பக்கமிருந்து வந்தால் அதிகம், மறுபக்கமிருந்து வந்தால் குறைவு. புதுப் பெண்டாட்டி தும்மலுக்கும் திசை பார்க்கிறாளே என்று மனிதர் நொந்துபோயிருப்பார். ஆனால் அந்தத் தும்மலிலிருந்துதான் இந்த மகரந்த எச்சரிக்கைப் பிரிவே பிறந்தது!

மொட்டைமாடியில் கம்பத்தின் உச்சியில் ஒரு பெட்டி இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். பின்னால் மீன்வால் மாதிரி ஒரு தகடு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காற்றை உறிஞ்சும். உள்ளே மெல்லச் சுழலும் ஓர் உருளை, அதன்மேல் பசை தடவிய நாடா. காற்றில் வரும் மகரந்தம் அதில் ஒட்டிக்கொள்ளும். தினமும் காலையில் அந்த நாடாவைக் கழற்றி வெட்டி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து எண்ணுவார்கள். இதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வெட்டிய நாடாவில் இருப்பது நேற்றைய காற்று. இன்றைய காற்று இன்னும் உருளையில்தான் இருக்கும். இந்தச் சின்ன விஷயத்தில்தான் நான் சொல்லப்போகும் கதை முழுவதும் நிற்கிறது.

மேடையில் அவர் படத்தருகே வைத்த பூங்கொத்தைப் பார்த்து முன்வரிசையில் ஓர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், கவனித்தேன். டாக்டரம்மா இருந்திருந்தால் விட்டிருப்பாரா? "கைய எடுங்கம்மா, இது பூச்சிய நம்பற பூ. இதோட மகரந்தம் கனமா, பிசுபிசுன்னு இருக்கும், காத்துல பறக்காது. காத்தை நம்பற மரம் இருக்கு பாருங்க, அதுதான் வாரி வாரி இறைக்கும்" என்று அரை மணி நேரம் பிடித்துக்கொண்டிருப்பார். காற்றை நம்பும் மரம் எப்போது இறைக்கும்? எல்லா நாளும் இறைக்குமா? ஈரமும் குளிருமான நாளில் பூவிலுள்ள மகரந்தப் பை வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கும். வெயில் ஏறி, காற்று உலர்ந்தால்தான் வெடித்துத் திறக்கும். லேசான காற்று போதும், கிளம்பிவிடும். பலத்த காற்றானால் பல மைல் போகும். காற்று அடங்கினால் கீழே இறங்கி, நம் ஜன்னல் விளிம்பிலும் வண்டி இருக்கையிலும் படியும். நிதானமாகப் பெய்யும் மழை காற்றைக் கழுவிவிடும். இதெல்லாம் அவர் எனக்குச் சொன்னது. பதிலுக்கு நான் காற்றும் ஈரமும் சொன்னேன். இருவரும் சேர்ந்தால்தான் ஒரு முழு மனிதன் என்று அவர் கிண்டல் செய்வார்.

ஆனால் மழை நல்லது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அன்று இந்த ஊரில் எச்சரிக்கை என்று எதுவும் கிடையாது. கடும் வெயிலில் காய்ந்த ஒரு பிற்பகலில் இடியும் மின்னலுமாகப் புயல்காற்று வந்தது. அப்பாடா, குளிர்ந்தது என்று ஊரே ஜன்னலைத் திறந்தது, வாசலில் வந்து நின்றது. மழைக்கு முன்னால் பாய்ந்து வரும் அந்தக் குளிர்ந்த காற்று, மேலே மிதந்த மகரந்தத்தையெல்லாம் அள்ளித் தரைக்குக் கொண்டுவந்தது. ஈரம் பட்டதும் மகரந்தம் உடைந்து பொடிப்பொடியானது. முழு மகரந்தம் மூக்கோடு நின்றுவிடும், பொடி நுரையீரல்வரை போகும். ஒரு மணி நேரத்தில் இந்த மருத்துவமனை வாசலில் மூச்சுக்குத் தவிப்பவர்கள் குவிந்தார்கள். படிக்கட்டில் உட்கார வைத்து மருந்து கொடுத்தார்கள். ஒரு டாக்சி ஓட்டுநர், தன் வண்டியில் இரண்டு நோயாளிகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மூன்றாவதாகத் தானே வந்து விழுந்தார். எழுந்திருக்கவில்லை. அன்று பணியில் இருந்தவர் நம் டாக்டரம்மா. அந்த ஓட்டுநரின் மனைவிதான் இன்று நம் வரவேற்பு மேசையில் இருக்கும் அக்கா. எச்சரிக்கை வரும்போதெல்லாம் "ஜன்னலைச் சாத்துங்க, வெளியே வராதீங்க" என்று ஒலிபெருக்கியில் கேட்கிறதே, அது அந்த அக்காவின் குரல். அந்த வேலையை அவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு டாக்டரம்மா நிம்மதியாகத் தூங்கினார் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பூக்கும் காலம் முழுவதும் வானத்தையும் நாடாவையும் பார்த்தபடியே இருந்தார். எச்சரிக்கை கொடுத்தார். பள்ளிக்கூடங்கள் கேட்டன, தொழிற்சாலைகள் கேட்டன, கடைசியில் என் மாமியார்கூடக் கேட்டார். நான் சொல்லி என் மாமியார் கேட்டது ஒன்றும் கிடையாது, நண்பர்களே! ஆனால் டாக்டரம்மா சொன்னால் கேட்பார். அப்படி ஒரு பேர் வாங்கினார்.

அந்தப் பேர்தான் பிறகு பெரிய தொல்லை ஆனது. தலைவர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உண்மையைச் சொல்கிறேன். கண்காணிப்பாளர் யார் வந்தாலும் ஒரே பாட்டுதான்: "டாக்டரம்மா சரின்னாங்களா? அப்ப குடுங்க. அவங்க பாக்கலையா? அப்ப இருங்க." ஓய்வு பெற்ற பின்னும் வீட்டுக்குத் தொலைபேசி போகும். அவர் தொடங்கி வளர்த்த பிரிவில் துணைத் தலைவர் இருக்கிறார். படிப்பில் குறைவா? அனுபவத்தில் குறைவா? டாக்டரம்மாவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். ஆனால் அவருக்கு இந்த மருத்துவமனை வைத்த பெயர் என்ன? 'ஆமாம் மேடம்'! டாக்டரம்மா எது சொன்னாலும் "ஆமாம் மேடம்". இன்று காற்று குறையும் என்றால் "ஆமாம் மேடம்". இல்லை, கூடும் என்றாலும் "ஆமாம் மேடம்". டாக்டரம்மாவே ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஏம்மா, நான் கழுதைன்னாலும் ஆமாம்பியா?" என்று கேட்டாராம். பழக்க தோஷத்தில் அதற்கும் "ஆமாம் மேடம்" என்று வந்துவிட்டதாம். முகத்தை மூடிக்கொள்ளாதீர்கள் அம்மா, எல்லோருக்கும் தெரிந்த கதைதான் இது.

சிரித்தோம். ஆனால் டாக்டரம்மாவுக்கு உள்ளுக்குள் நெருப்புதான். "மேகம், நான் கண்ணை மூடினா இவங்க என்ன பண்ணுவாங்க? வானம் காத்திருக்குமா? மரம் காத்திருக்குமா?" என்று என்னிடம் எத்தனை முறை கேட்டிருப்பார்! நான் பேச்சை மாற்றி, மேற்குக் காற்று என்றேன்.

இந்த முறை பூக்கும் காலம் தொடங்கும்போது அவர் படுக்கையில். இதே மருத்துவமனையில், மூன்றாம் மாடியில், ரயில் பாதையின் மரங்கள் தெரியும் அறை. நோய் முற்றியாயிற்று, எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அப்போதும் நாம் என்ன செய்தோம்? தினமும் காலையில் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு அந்தப் படுக்கைக்குப் போய் வரிசையில் நின்றோம். வலி மருந்து ஏற்றிய கையோடு அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்ப்பார். சரி என்பார், வேண்டாம் என்பார். நாம் கீழே இறங்கி வருவோம். இதைச் சேவை என்று இங்கே பாராட்டினார்கள். சேவைதான். ஆனால் சாகப்போகும் ஒரு பெண்ணை நிம்மதியாகச் சாக விடாத சேவை. அண்ணன் ஒருநாள் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டு, "அவ எதுக்குப்பா இழுத்துக்கிட்டிருக்கான்னு எனக்குத் தெரியும். உங்க யாரையும் நம்பி விட்டுட்டுப் போக அவளுக்கு மனசு வரல" என்றார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அதற்கு முன் சில நாட்களாகத் தூறல். மூடிய வானம், ஈரக் காற்று. மரங்களில் பூ நிறைந்திருந்தது, ஆனால் ஒன்றும் வெளியே வரவில்லை. அன்று காலை பளிச்சென்று வெயில். அடைமழைக்குப் பிறகு வெயிலடிக்கும் நாளில் எல்லா வீட்டு மாடியிலும் ஒரே நேரத்தில் துணி காயுமே, மரங்களும் அப்படித்தான். தேக்கி வைத்ததையெல்லாம் ஒரே மூச்சில் விடும். இதுவும் டாக்டரம்மா சொல்லித் தந்ததுதான். பகல் ஏற ஏறப் புழுக்கம் கூடியது. மேற்கே மேகம் கட்டத் தொடங்கியது. நான் தொலைபேசியை எடுத்து அந்த அறைக்கு அழைத்தேன். ஒலிபெருக்கியைப் போட்டு, கட்டிலின்மேல் வைத்தார்கள். எனக்கு முதலில் கேட்டது என்ன தெரியுமா? அண்ணனின் தும்மல்! ஒன்றல்ல, தொடர்ந்து. இந்த ஊரின் முதல் கருவி வேலை செய்துகொண்டிருந்தது, யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"மேகம், சொல்லு" என்றார் டாக்டரம்மா. குரல் மெலிந்திருந்தது.

"பள்ளிக்கூடம் விடற நேரத்துக்கு இடி மழை வரும்னு தோணுது. காத்து முதல்ல வரும், மழை பின்னாடி."

காகிதம் சரசரத்தது. பிறகு அவர் சொன்னார்: "நாடாவுல ஒண்ணும் இல்ல. மழை நல்லா கழுவிடுச்சு. வேணாம். சும்மா சும்மா ஊரை பயமுறுத்தினா நாளைக்கு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

தலைவர் அவர்களும் அப்போது அந்த அறையில் இருந்தார். "அப்ப சரி, வேணாம்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. நாற்காலி நகரும் ஓசை. முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது இன்னொரு குரல்.

"இல்ல மேடம்."

நண்பர்களே! அந்தக் குரலை நான் அடையாளம் கண்டுகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் யார் கேட்டிருக்கிறோம்?

"என்னம்மா இல்ல?" என்றார் டாக்டரம்மா.

"காலைல மாடித் தண்ணித் தொட்டியோட மூடியை நான்தான் துடைச்சேன் மேடம். இப்ப மாடிக்குப் போய் விரலால தொட்டேன். இதோ பாருங்க."

விரலை நீட்டியிருக்கிறார். விரல் நுனி முழுக்க மஞ்சள்.

"தூசியா இருக்கும். கண்ணால பாத்ததெல்லாம் கணக்குல சேருமா? உனக்கு நான் என்ன சொல்லிக் குடுத்தேன்?"

"தூசி இல்ல மேடம். எண்ணி முடிக்கிற வரைக்கும் மேகம் சார் சொல்ற காத்து நிக்காது. எச்சரிக்கை குடுத்தே ஆகணும்."

தலைவர் அவர்கள் குறுக்கிட்டார். "மேடமே வேணாங்கறாங்களே அம்மா! அப்புறம் ஒண்ணும் வரலேன்னா?"

"வரலேன்னா என்னைத் திட்டுங்க சார். நான் கையெழுத்துப் போடறேன்." குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. செருப்புச் சத்தம் வேகவேகமாகப் படிக்கட்டை நோக்கிப் போனதை நான் தொலைபேசியிலேயே கேட்டேன். டாக்டரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

சற்று நேரத்தில் வரவேற்பு அக்காவின் குரல் ஊரெங்கும் போனது. பள்ளிகளில் பிள்ளைகளை வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள். பேருந்துகளில் கண்ணாடியை ஏற்றினார்கள். அப்புறம் வந்தது பாருங்கள் காற்று! எங்கள் அலுவலக ஜன்னலிலிருந்து பார்த்தேன், ரயில் பாதைப் பக்கம் வானமே மஞ்சளாக எழும்பி வந்தது. பின்னாலேயே இடி, பின்னாலேயே மழை. பழைய நாளின் படிக்கட்டு கண்முன் வந்து நின்றது. மருத்துவமனைக்கு அழைத்தேன், எடுத்தவர் அவசரப் பிரிவுச் செவிலியர். "என்னம்மா நிலவரம்?" என்றேன். "மருந்தெல்லாம் எடுத்து வெச்சிட்டு வாசலையே பாத்துக்கிட்டிருக்கோம் சார். கொஞ்சம் பேர்தான் வந்தாங்க. மூச்சு சரியாகி உக்காந்து பேசிக்கிட்டிருக்காங்க" என்றார்.

அப்பாடா! மாலைக்குள் வந்தவர்கள் எல்லோரும் நடந்தே வீடு திரும்பினார்கள். ஒருவரும் படிக்கட்டில் உட்காரவில்லை. ஒருவரையும் நாம் இழக்கவில்லை.

அன்றைக்கே ஒரு கதை கிளம்பியது. இன்று இந்த மேடையில் பேசிய மூவரும் அதைச் சொன்னார்கள். தலைவர் அவர்கள் கண் கலங்கச் சொன்னார்: "டாக்டரம்மாவுக்குத் தெரியாதா புயல் வரும் என்று? தெரிந்தேதான் வேண்டாம் என்றார். கடைசி மூச்சிலும் தன் வாரிசுக்குத் தேர்வு வைத்தார்!" நீங்களும் கைதட்டினீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் கை தட்டத் தோன்றியது. ஆனால் தட்ட முடியாது. ஏனென்றால் அது உண்மை இல்லை.

புயல் வந்து போன பிறகு ஒரு பிற்பகல் அவரைப் பார்க்கப் போனேன். அண்ணன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது, மழை நின்று கழுவிய காற்று. என்னைக் கண்டதும் டாக்டரம்மா கேட்டார்: "மேகம், நான் என்னமோ டெஸ்ட் வெச்சேன்னு எல்லாரும் பேசிக்கறாங்களாமே?"

"ஆமாம்மா. பெரிய ஆளும்மா நீங்க!" என்றேன்.

"டெஸ்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் நெஜமாவே தப்பா சொன்னேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மருந்துல அசந்து தூங்கிட்டு முழிச்சேன். கையில நாடாவோட கணக்கு இருந்துச்சு. அவசரத்துக்கு மத்தியானம் வெட்டின நாடான்னு நெனச்சிட்டேன். அது காலைல வெட்டினது. நேத்திக்குக் காத்து. நேத்திக்குக் காத்தைப் பாத்துக்கிட்டு இன்னைக்கு வேணாம்னு சொன்னேன். புதுசா வேலைக்கு வர்றவங்களை இதுக்குத்தானே நான் திட்டுவேன்? இவரு பக்கத்துல உக்காந்து தும்மிக்கிட்டே இருந்தாரு, அதுகூட என் மண்டைல ஏறல."

"விடுங்கம்மா, உடம்பு முடியாத நேரத்துல..."

"விடக் கூடாது. அன்னைக்கு அவ 'ஆமாம் மேடம்'னு சொல்லியிருந்தா? யோசிச்சுப் பாரு. எத்தனை பேரு திரும்பவும் அந்தப் படிக்கட்டுல உக்காந்திருப்பாங்க?" சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். ஆனால் முகத்தில் என்ன இருந்தது தெரியுமா? சந்தோஷம்! நெடுநாள் சுமந்ததைக் கீழே இறக்கி வைத்த முகம். "நான் தப்பு பண்ணேன், மேகம். அவ கேக்கல. என் பேச்சைக் கேக்காம சரியானதைப் பண்ணிட்டா. அப்பாடான்னு இருக்குப்பா எனக்கு. சுவத்தைப் பாத்து திரும்பிப் படுத்தேனே, கோவம்னு நெனச்சாங்க. கோவம்தான். ஆனா புயல் சத்தம் கேட்டப்போ, அவ சொன்னது ஒலிபெருக்கி வரைக்கும் போயிடுச்சுன்னு தெரிஞ்சப்போ, நான் அழுதுட்டேன். அன்னைக்குத்தான் நல்லா தூங்கினேன்."

பிறகு அவருடைய பழைய அதட்டல் திரும்பியது. "என் கூட்டத்துல நீதான் பேசுவே. எப்பவும் நீதானே! அங்க என்னைப் பெரிய ஆளாக்கறதுக்காக இந்த டெஸ்ட் கதைய சொல்லுவாங்க. நீ உண்மையைச் சொல்லணும். நான் தெரிஞ்சேதான் சொன்னேன்னு ஆயிட்டா, அவளுக்கு அடுத்த தடவை சந்தேகம் வரும்போது என் படத்தைப் பாத்துக்கிட்டு நிப்பா. படம் பேசுமா? நான் தப்பு, அவ சரி. அதைச் சொல்லு. சொல்லாம விட்டே, நாலாவது தடவையும் திரும்பி வந்துடுவேன்!"

அண்ணன் ஆரஞ்சுச் சுளையை நீட்டியபடி, "வந்துடுவாப்பா, இவ செய்யக்கூடியவதான்" என்றார். மூவரும் சிரித்தோம். அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதன் பிறகு காலையில் யாரும் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு அந்தப் படுக்கைக்குப் போகவில்லை. அவரும் கேட்கவில்லை. மரங்களை வேடிக்கை பார்த்தார், அண்ணனோடு வம்பளந்தார், ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். எனக்குத் துக்கம் இல்லையா? இருக்கிறது. காலையில் தொலைபேசி ஒலிக்காதபோது நானே அதை எடுத்துப் பார்க்கிறேன். ஆனாலும் பயத்தோடு போகவில்லையே அவர், நிம்மதியாகப் போனாரே! அந்த ஆறுதல் துக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. அண்ணனின் முகத்தைப் பாருங்கள், உங்களுக்கும் தெரியும்.

எனவே நண்பர்களே, நாம் இங்கே ஓர் உறுதி எடுத்துக்கொள்வோம். டாக்டரம்மாவின் பிரிவை நடத்துவோம். பெட்டி சுழலும், நாடா வெட்டப்படும், அக்காவின் குரல் ஒலிக்கும். அவர் படத்தை அந்த மொட்டைமாடி அறையில் மாட்டுவோம். ஆனால் நாடாவையும் வானத்தையும் பார்த்து முடித்த பிறகுதான் படத்தைப் பார்ப்போம். நம்மில் யார் தவறாகச் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், "இல்லை" என்று சொல்ல ஒருவர் எழுந்து நிற்பார். அவரைக் கண்காணிப்பாளர் உட்காரச் சொல்ல மாட்டார். தலைவர் அவர்கள் தலையசைக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், சாட்சி இருக்கிறது.

இதோ, மழைச் சத்தம் கேட்கிறது. என் தொழில் இன்றைக்கு மானம் காத்தது. நீலச் சட்டை நண்பர் திரும்பவும் கொக்கியைப் பார்க்கிறார். ஜன்னலை எப்போது திறக்கலாம் என்று என்னைக் கேட்காதீர்கள். அதோ மூன்றாவது வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, இன்றைய எச்சரிக்கையில் கையெழுத்துப் போட்ட பிரிவின் புதிய தலைவர், நம் பழைய 'ஆமாம் மேடம்', அவரைக் கேளுங்கள். என்னம்மா, திறக்கலாமா?

"இல்ல சார், இன்னும் கொஞ்சம் பொறுங்க" என்கிறார். கேட்டதா எல்லோருக்கும்?

டாக்டரம்மா! உங்களுக்கும் கேட்டிருக்கும். இந்த மேடையிலிருந்து மூன்று முறை உங்களைப் பார்த்து, போய் வாருங்கள் என்றேன். மூன்று முறையும் வந்துவிட்டீர்கள். நீங்கள் சொல்லச் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டேன். இந்த முறை வரச் சொல்ல மாட்டேன். போங்கள் அம்மா.